தலைக்கு எண்ணெயும் தட்டுக்கு வறுமையும்

பாண்டிய மன்னன் ஒருவனுக்குத் தன் தேவியின் கூந்தல் மணம் இயற்கையானதோ செயற்கையானதோ என்று ஐயம் எழுந்ததும், அதைத் தீர்ப்பார்க்கு ஆயிரம் பொன் தருவதாக அவன் பொற்கிழி கட்டியதும், தருமியின் கையில் இறைவன் கொடுத்தனுப்பிய செய்யுளில் நக்கீரர் குற்றங் கண்டதும் திருவிளையாடற் புராணம் வாயிலாக நாமனைவரும் அறிந்த கதை. கதை நடந்ததா இல்லையா என்பது இங்கு நமக்கு வேண்டுவதன்று. கூந்தலைப் பற்றிய ஒரு கூற்று, அதைச் சொன்னவர் யாராயினும், ஆராயப்படுதல் வேண்டும் என்று நின்ற ஒரு புலவரைத் தமிழ் மரபு போற்றி வைத்திருக்கின்றது என்பதே வேண்டியது. அன்று அரசவையில் எழுந்த அந்தத் துணிவு இன்று கடைத்தெருவில் எழக் காணோம். பெண்களின் கூந்தலைப் பற்றி அளவிறந்த பொய்கள் போத்தல்களில் அடைத்து விற்கப்படுகின்றன. நக்கீரர் வழிவந்தோம் எனப் பெருமை பேசும் நாமும் வரிசையில் நின்று அவற்றை வாங்கிக்கொண்டு திரும்புகின்றோம்.

பேராதனையிலிருந்து பஸ் ஏறிக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கும் எவரும் இதைக் கண்கூடாகக் காணலாம். மத்திய சந்தையைச் சுற்றியும், தலதா வீதியிலும், கொழும்பு வீதியிலும் உள்ள கடைகளின் கண்ணாடி அலுமாரிகளிலே பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் எனப் பல நிறங்களில் கூந்தல் தைலங்கள் அணிவகுத்து நிற்கின்றன. கரிசலாங்கண்ணி, நெல்லி, செவ்வரத்தை, கற்றாழை, வெந்தயம், கறிவேப்பிலை என்று நமது வேலியோரத்துச் செடிகளெல்லாம் அவற்றின் முகப்பில் படமாகிச் சிரிக்கின்றன. மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களிலோ இன்னும் விந்தை. அங்கே வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு கையால் மயிரை நீக்கும் களிம்பையும் மறு கையால் மயிரை வளர்க்கும் எண்ணெயையும் நீட்டுகின்றார்கள். இரண்டும் மூலிகை, இரண்டும் இயற்கை, இரண்டும் முன்னோர் தந்தவை!

மொழியும் இலக்கியமும் பயிலும் கலைப்பீட மாணவி ஒருத்திக்கு மயிரைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் எழுத என்ன தகுதி என்று சிலர் வினவக்கூடும். விளம்பரம் என்பது முதலில் ஒரு மொழிச் செயல். அதன் சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பது எமது தொழிலே. இரண்டாவது காரணம் ஒன்றுண்டு. அது என் சொந்தக் குற்றம் பற்றியது. அதைப் பின்னர் கூறுவேன்.

விளம்பரத்தின் இலக்கணம்

ஒரு தைலப் போத்தலின் முகப்பைக் கையிலெடுத்து, செய்யுள் ஒன்றைப் படிக்கும் கவனத்தோடு படித்துப் பாருங்கள். "முடி வளர்ச்சிக்கு உதவும்" என்றிருக்கும்; "முடியை வளர்க்கும்" என்று இராது. "வேர்க்கால்களுக்கு ஊட்டமளிக்கும்" என்றிருக்கும். எத்தகைய ஊட்டம், எவ்வளவு, எவ்வழியே என்பது இராது. "பாரம்பரிய மூலிகைகள் அடங்கியது" என்றிருக்கும். போத்தலில் அவை எத்தனை பங்கு என்பது இராது. "முடி உதிர்வைக் குறைக்கும்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டு, முறிவினால் ஏற்படும் உதிர்வை மட்டுமே கருதியதென்று சிறிய எழுத்தில் ஒதுக்கி வைத்திருப்பாரும் உளர். சட்டம் கேட்டால் தப்பிக்கொள்ளவும் வாங்குவோர் கேட்டால் நம்பிக்கொள்ளவும் ஏற்றவாறு அமைக்கப்பட்ட வாக்கியங்கள் இவை. வினைமுற்று உண்டு, வினை இல்லை. இதுவே விளம்பரத்தின் இலக்கணம்.

இது நம் நாட்டில் மட்டும் தோன்றிய நோயன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே மக்காசர் எண்ணெய் என்றொரு தைலம் கூந்தலை வளர்ப்பதாகப் புகழ்பெற்றிருந்தது. அது வளர்த்த கூந்தலுக்குக் கணக்கில்லை. அது கறைப்படுத்திய நாற்காலிகளுக்குச் சான்று உண்டு. அந்த எண்ணெய்க் கறையிலிருந்து நாற்காலிச் சாய்மானத்தைக் காப்பதற்கென்று விரித்த துணிக்கே அவ்வெண்ணெயின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பிறந்தது. 1880களில் அமெரிக்காவில் சதர்லாண்ட் சகோதரிகள் எழுவர் தரையைத் தொடும் கூந்தலோடு சர்க்கஸ் மேடைகளில் தோன்றிப் பாடினர். அவர்களின் தந்தை ஒரு கூந்தல் வளர்ப்பு மருந்தை அவர்கள் பெயராலேயே விற்றுப் பெருஞ்செல்வம் திரட்டினார். அம்மருந்தைப் பகுத்துப் பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் வாசனை நீரும் மதுசாரக் கலவையுமே. கூந்தல் சகோதரிகளின் பிறப்புரிமை. போத்தல் பிறர்க்கான விற்பனைப் பொருள். 1920களில் பெண்கள் கூந்தலைக் கத்தரிக்கத் தொடங்கியதும் அவ்வணிகமும் சரிந்தது.

அண்டை நாட்டிலே அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். கேரளத்துத் திருச்சூர் நுகர்வோர் மன்றம், தாத்ரி நிறுவனத்தின் கூந்தல் களிம்பு விளம்பரம் பொய்யான வாக்குறுதி என்று கண்டு, உற்பத்தியாளருக்கும் விளம்பரத்தில் தோன்றிய மலையாள நடிகர் அனூப் மேனனுக்கும் தலா பத்தாயிரம் ரூபா அபராதம் விதித்த செய்தி 2021 சனவரியில் வெளியாயிற்று. விசாரணையிலே அந்நடிகர் தாம் அப்பொருளைப் பயன்படுத்தியதில்லை என்றும், தம் தாயார் காய்ச்சும் எண்ணெயையே தேய்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார். இதைவிடச் சிறந்த நகைச்சுவையை எந்த நாடகாசிரியர் எழுதவியலும்? நமக்கு விற்பது களிம்பு. அவருக்கு அம்மாவின் எண்ணெய்.

மயிரின் இயல்பு

இனி, விஞ்ஞானம் கூறுவதைச் சுருங்கக் காண்போம். தோலுக்கு வெளியே நாம் காணும் மயிர் உயிரற்றது. கெரற்றின் என்னும் புரதத்தாலானது. உயிருள்ளது தோலினுள்ளே புதைந்திருக்கும் மயிர்ப்பை மட்டுமே. அதற்குரிய உணவு அதன் அடியிலுள்ள நுண்ணிய குருதிக் கலங்கள் வழியே செல்கின்றது. மேலிருந்து வார்க்கும் எண்ணெய் வழியே அன்று. செடிக்கு இலையில் தண்ணீர் தெளித்தாலும் வேர் ஓரளவு பயன்பெறும். மயிருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள்வரை வளர்ந்து, சில வாரங்கள் ஒடுங்கி, மூன்று மாதமளவு ஓய்ந்திருந்து, பின் உதிர்ந்து புதியதற்கு இடங்கொடுக்கின்றது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது நலமுள்ள தலையின் இயல்பு. ஒருவரின் கூந்தல் எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வளர்பருவத்தின் நீட்சி. அதுவோ பெரும்பாலும் பெற்றோர் வழி வருவது. எண்பது சென்ரிமீற்றர் நீண்ட கூந்தலின் நுனி ஆறு ஆண்டுகளுக்கும் முந்தியது. நேற்று வாங்கிய தைலம் அந்த ஆறாண்டுக் கதையை மாற்றி எழுதமாட்டாது.

எண்ணெயால் பயனே இல்லை என்று கூறுவது என் நோக்கமன்று. உண்மைக்காகப் பேசுவோர் உண்மையின் ஒரு பாதியை மறைத்தல் ஆகாது. 2003ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் மயிரிழையின் உள்ளே ஊடுருவி, கழுவும்போதும் சீவும்போதும் நிகழும் புரத இழப்பைக் குறைக்கின்றதென்றும், கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் காட்டியது. அவ்வாய்வைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதை நினைவிற்கொள்வோம். ஆயினும் லோரிக் அமிலத்தின் நேரிய, சிறிய மூலக்கூறு மயிரினுள் புகவல்லது என்ற விளக்கம் ஏற்புடையதே. ஆகவே எண்ணெய் உள்ள மயிரைக் காக்கும், முறிவைக் குறைக்கும், மினுக்கும், சிக்கெடுக்கும். இல்லாத மயிரை முளைப்பிக்கும் என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம், துணிக்குக் கஞ்சி போடுவதற்கும் துணி நெய்வதற்கும் உள்ள தூரம்.

"ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று அண்மைக் காலத்தில் ரோஸ்மேரி எண்ணெயைப் புகழ்வோர் பலர். அவர்கள் சுட்டும் 2015ஆம் ஆண்டு ஈரானிய ஆய்வில் நூறு நோயாளரே இடம்பெற்றனர். அவ்வெண்ணெய் இரண்டு வீத மினொக்சிடில் மருந்தோடு ஒப்பிடப்பட்டது. மூன்று மாதத்தில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆறாம் மாதத்தில் இரு சாராருக்கும் சிறிது கூடியது. எதுவும் பூசாத மூன்றாவது குழு ஒன்று அங்கு இல்லை. ஒப்புநோக்க ஆளில்லாத பந்தயத்தில் இருவரும் வென்றார்கள் என்றால் பொருளென்ன? இத்தகைய சிறிய ஆய்வுகள் மேலும் ஆராய்வதற்குக் காரணமாகலாம். போத்தலின் மேல் ஒட்டுவதற்குச் சான்றிதழ் ஆகா. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1989இலேயே, மருத்துவச் சீட்டின்றி விற்கப்படும் கூந்தல் வளர்ப்பு மருந்துகள் எவையும் பயன் நிறுவப்பட்டவை அல்ல எனத் தீர்மானித்து, அவ்வாறு உரிமை பாராட்டி விற்பதைத் தடுத்தது. மினொக்சிடில் கூட, முதலில் குருதியமுக்கத்துக்கென ஆக்கப்பட்ட மருந்து; முறையான சோதனைகளைக் கடந்த பின்னரே அது தலைக்கு அனுமதி பெற்றது.

காகமும் பனம்பழமும்

அவ்வாறாயின், எண்ணெய் தேய்த்துப் பயன் பெற்றதாகச் சத்தியம் செய்யும் ஆயிரக்கணக்கானோர் பொய்யர்களா? அல்லர். அவர்கள் கண்டது உண்மை. காரணம் கற்பித்ததே பிழை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நமக்குப் புதிதன்று.

கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, பட்டினி முதலியன உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த மயிர்களிற் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குச் செல்கின்றன. இரண்டு மூன்று மாதங்கழித்து அவை கொத்தாக உதிர்கின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வது இதனாலேயே. அவர்களின் கணக்குச் சரியானது. உடல் தேறினால், எதையும் பூசாவிடினும், ஆறு மாதமளவில் பெரும்பாலோர்க்கு அம்மயிர் தானே மீள்கின்றது. இப்போது சிந்தியுங்கள். முடி கொட்டத் தொடங்கியதும் ஒருத்தி தைலம் வாங்குகின்றாள். போத்தல் முடியுந் தறுவாயில் முடி முளைக்கின்றது. புகழ் யாருக்கு?

என் குற்றத்தைக் கூறுவதாக வாக்களித்தேன். நான் கலஹாப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். இரண்டாம் ஆண்டிலே எனக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்து மூன்றாம் மாதம், சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் தரையிலும் என் முடியே கிடந்தது. விடுமுறைக்கு வீடு சென்றபோது அம்மா பார்த்து அழுதார். கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தோடு கண்டிக்கு வந்து ஒரு கடையிலே இரண்டு போத்தல் தைலம் வாங்கினார். கடைக்காரர் நூறு நாளில் முடி இடுப்பைத் தொடும் என்றாராம். நான் தேய்த்தேன். ஆறாம் மாதம் முன்னெற்றியோரம் குட்டை முடிகள் புல்போல் முளைத்தன. அம்மாவின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. "என் மகள் கம்பசில் படிக்கிறவள், அவளே தேய்த்து வளர்ந்தது" என்று லயமெங்கும் சொன்னார். எங்கள் வரிசையில் மட்டும் ஐந்து பேர் அத்தைலத்தை வாங்கினர். நான் அறியாமலே, ஊதியமில்லாமலே, அதன் விளம்பரப் பெண்ணானேன்.

அந்த ஐவரில் ஒருவர் எனக்கு அத்தை முறையானவர். அவருக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததில்லை. முடி கொட்டியதோடு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, நகம் வெளிறியது. அவர் கண்டது முடியை மட்டும். தேய்த்தது எண்ணெயை மட்டும். ஏழு மாதம் கழித்து ஒருநாள் மலையில் கொழுந்துப் பையோடு மயங்கி விழுந்த பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். கடுமையான குருதிச்சோகை. மாதக்கணக்காக இரத்தப்போக்கு இருந்ததை யாருக்கும் அவர் சொன்னதில்லை. முடி உதிர்வு அவருடைய நோயன்று, நோயின் அறிவித்தல். அறிவித்தலை வாசிக்க வேண்டிய ஏழு மாதமும் நாங்கள் அதன்மேல் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம்.

அதன் பின்னரே நானும் குருதிச் சோதனை செய்வித்தேன். டெசிலீற்றருக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஈமோகுளோபின் எனக்கு 9 கிராமே இருந்தது. வைத்தியர் இரும்புக் குளிகை தந்தார். அதனால்தான் முடி வளர்ந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. என் முடி அதற்கு முன்பே முளைத்துவிட்டது. தைலத்துக்கு நான் மறுக்கும் சலுகையைக் குளிகைக்கு வழங்க முடியாது. ஆனால் விரிவுரை முடிந்து விடுதிக்கு மேடேறும்போது இடையிலே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிய நான், இப்போது நிற்பதில்லை. அது தைலத்தால் வந்ததன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

மரபு என்னும் கேடயம்

இவ்வளவும் கூறியபின் எழும் எதிர்ப்பு எதுவென்பதை அறிவேன். "நமது மரபை இழிவு செய்கிறாய், மேனாட்டு மருத்துவத்துக்கு வாதாடுகிறாய்" என்பர்.

மரபை இழிவு செய்வோர் யாவர்? திருக்குறளிலே மருந்து என்ற அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறள்களும் உணவைப் பற்றியவை: எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பன. அடுத்த குறள் நோயையும் அதன் முதற்காரணத்தையும் தேடச் சொல்கின்றது. காரணத்தைத் தேடு என்பதே நமது மரபின் கட்டளை. காரணத்தை மறைத்துப் போத்தலை நீட்டுவது வணிகத்தின் கட்டளை. எண்ணெய் முழுக்கை முன்னோர் குளிர்ச்சிக்கும் தூய்மைக்கும் சுகத்துக்கும் கொண்டனர். வாரத்தில் ஒருநாள் தாய் மகளை முன்னே இருத்தி எண்ணெய் வைத்து, ஈரெடுத்து, சீவி, பின்னி விடுவதிலே ஓர் அன்பும் இருந்தது. அந்த அன்பை நான் எள்ளவில்லை. அதைப் படம் பிடித்துப் போத்தலில் ஒட்டி விலை வைத்தவர்களையே எதிர்க்கின்றேன்.

"இயற்கையானது தீங்கு செய்யாது" என்பது அடுத்த வாதம். எட்டிக்காயும் இயற்கையே; அலரி விதையும் இயற்கையே. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பங்கசு கொழுப்பை உண்டு வாழ்வது; பொடுகுத் தலைக்கு நாளும் எண்ணெய் வார்ப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். அதனினும் பெரிய தீங்கு, அத்தைக்கு நேர்ந்ததுபோல் காலம் வீணாவது.

"பாட்டிமாருக்கு நீண்ட கூந்தல் இருந்ததே" என்பது மூன்றாவது. நீண்ட கூந்தலுடைய பாட்டியை ஊரே நினைவில் வைத்திருக்கின்றது. மெலிந்த கொண்டையில் சவுரி வைத்து முடிந்த பாட்டியை யாரும் நினைப்பதில்லை. சவுரி என்ற சொல்லே நம் மொழியில் இருப்பது எதற்காக?

தட்டிலே தேடவேண்டியது

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். மயிர் புரதத்தாலானது என்றால், அப்புரதம் தட்டிலிருந்தே வரவேண்டும். மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றிய டொக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் குவாசியோக்கர் என்னும் ஊட்டக்குறை நோயை மருத்துவ உலகுக்கு விளக்கினார். அந்நோயுற்ற குழந்தைகளின் மயிர் மெலிந்து, நிறம் வெளுத்து, எளிதில் பிடுங்கி வருவதாகும். குறைந்த உணவும் நல்ல உணவும் மாறிமாறிக் கிடைத்த குழந்தையின் மயிரிலே வெளிர்ப்பும் கருமையும் பட்டைபட்டையாக, ஒரு கொடியைப் போலத் தெரியும். பசியின் வரலாறு மயிரிலே எழுதப்பட்டிருக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நமது சமையலறையில் நிகழும் விந்தையைப் பாருங்கள். கறியிலிருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகின்றோம். அதே இலையை எண்ணெயில் கருக்கித் தலையில் வைக்கின்றோம். நெல்லிக்காயை வாயில் போடாமல் எண்ணெயில் போடுகின்றோம். நெல்லியின் விற்றமின் சி நீரிற் கரைவது, எண்ணெயிற் கரையாதது. காய்ச்சும் சூட்டில் பெரிதும் அழிவது. கீரையின் இரும்புச்சத்தும் எண்ணெயில் இறங்குவதில்லை. ஆகவே போத்தலுக்குள் போவது நெல்லியின் பெயரும் நிறமுமே. உண்ணும்போதோ, அதே விற்றமின் சி கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பைக் குடல் ஏற்பதற்குத் துணைபுரிகின்றது.

இவ்விடத்தில் எங்கள் மலைகளின் கொடிய முரணொன்றைச் சொல்லியாக வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர எங்கள் தோட்டத்துக்கு அயலிலேயே உள்ளது. அன்று தொடங்கி உலகுக்குத் தேநீர் கொடுக்கும் மக்களின் உணவு, கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். தேயிலையின் தனின் போன்ற பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது தடுக்கின்றன. கிடைக்கும் சிறிது இரும்பையும், உணவோடு குடிக்கும் அந்தச் சாயம் பறித்துவிடுகின்றது. உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும். காசு செலவில்லாத இந்த அறிவுரையை எந்தத் தைல விளம்பரம் சொல்லும்?

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021இலேதான் தோட்டத் தொழிலாளர் அதனைப் பெற்றனர். அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் உணவு விலைவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. முட்டையும் பாலும் நெத்தலியும் எட்டாப் பொருளாயின. உண்ண வழியற்ற தலையில் முடி கொட்டுமாயின், அதற்குப் பொறுப்பு அத்தலையின் எண்ணெய்ப் பசையின்மையா? அன்றியும், நாள் முழுவதும் கொழுந்துச் சுமையின் கயிறு தலையுச்சியில் அழுந்துகின்றது. இடைவிடாத இழுவையும் அழுத்தமும் மயிர்ப்பையைச் சிதைக்கும் என்பதைத் தோல் மருத்துவம் அறியும். இவற்றையெல்லாம் பேசாது, "உங்கள் கூந்தலை நீங்கள் கவனிக்கவில்லை" என்று அந்தப் பெண்ணையே குற்றவாளியாக்குகின்றது விளம்பரம். சமூகம் இழைத்த குறையைத் தனிமனிதரின் சோம்பலாகக் காட்டி, அதற்கு மருந்தும் விற்பதே இவ்வணிகத்தின் உட்பொருள்.

கற்றவர்க்கும் இதில் விலக்கில்லை. லயத்தில் தைலம் என்றால் விடுதியில் பயோட்டின் குளிகை. பயோட்டின் குறைபாடு நலமுள்ளோரிடம் மிக அரிது. மிகையாக உண்ணும் பயோட்டின் சில குருதிச் சோதனைகளின் முடிவுகளைப் பிறழச் செய்யும் என 2017இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் அதுவே முடியை உதிர்க்கும். காலையுணவைத் தவிர்த்துவிட்டு அக்காசில் குளிகை வாங்கும் தோழியருக்கும் என் அத்தைக்கும் வேறுபாடு பட்டத்தில் மட்டுமே.

செய்யவேண்டுவன

குறைகூறி ஒழிதல் இவ்விதழின் மரபன்று. ஆதலால் சில கூறுவேன்.

ஒன்று: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தவறான எண்ணத்தை ஏற்படுத்தும் வணிக நடத்தையையும் பொய்யான கூற்றுக்களையும் தடைசெய்கின்றது. அச்சட்டம் கூந்தல் தைலங்களுக்கும் உரியது. திருச்சூரில் ஒரு சாதாரண வாடிக்கையாளர் செய்ததை நாமும் செய்யலாம்; ஏமாற்றம் கண்டால் முறையிடலாம்.

இரண்டு: ஆண்டு மலர்களுக்கு விளம்பரம் சேர்க்கக் கண்டிக் கடைத்தெருவில் அலையும் நாமே, முடி வளர்ப்பதாக உரிமை பாராட்டும் விளம்பரத்தை ஏற்பதில்லை என்று தீர்மானிப்போம். முன்பக்கத்தில் பகுத்தறிவும் பின்னட்டையில் பொய்யும் அச்சிடுவது நமக்கு அழகன்று. அச்சுச் செலவுக்கு இடிக்கும் என்பர். இடிக்கட்டும், பக்கங்களைக் குறைப்போம்.

மூன்று: மருத்துவபீடத்து மாணவரும் கலைப்பீடத்து மாணவரும் கூடி, முடி உதிர்வு எப்போது இயல்பு, எப்போது நோயின் அறிகுறி, எப்போது குருதிச் சோதனை வேண்டும் என்பதை எளிய தமிழில் ஒரு சிறு துண்டுப்பிரசுரமாக ஆக்குவோம். அறிவு ஆங்கிலத்திலும் பொய் தமிழிலும் இருக்கும்வரை பொய்யே வெல்லும்.

நான்கு: விடுமுறைக்கு வீடு செல்லும் ஒவ்வொருவரும் தம் தாயையும் அத்தையையும் ஒருமுறை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று குருதியைச் சோதிப்பிக்கட்டும். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. ஒருநாட் சம்பளமே போகும். இரண்டு போத்தல் தைலத்தின் விலையிலும் அது குறைவு.

சென்ற விடுமுறையில் நான் வீடுவீடாகச் சென்று, என் முடி காய்ச்சலால் கொட்டியது, காய்ச்சல் போனதால் வளர்ந்தது, தைலத்துக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிவந்தேன். சிலர் நம்பினர், சிலர் சிரித்தனர், கம்பசுக்குப் போய்ப் பிள்ளை கெட்டுவிட்டது என்றார் ஒருவர். அத்தை மட்டும் தம் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். பாதிக்குமேல் மிச்சமிருந்தது. விளக்கெரிக்கலாமா என்று கேட்டார். தாராளமாக எரிக்கலாம் என்றேன். அத்தைலம் ஒரு வெளிச்சத்துக்காவது பயன்பட்டது அன்றுதான்.